ரேடியோ நோபேட்டின் கடதாசிகள்

வெள்ளவத்தையிலிருந்து நமசிவாயம் மாஸ்டர் வந்து வாசலில் நின்றபோது மெற்றில்டாவுக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லை. பத்து மணிக்குள் துறைமுகக் கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்கு இருபத்திரண்டு சாப்பாட்டுக் கூடைகள் போயாக வேண்டும். கூப்பன் அரிசி எட்டு நாளைக்குத்தான் காணும். மிச்ச நாளெல்லாம் அவித்த கோதுமை மாவில் இடியப்பம். அந்த மா இடியப்ப உரலுக்குள் இறுகிக்கொள்ளும். அதைப் பிழியத் தோளில் பலம் வேண்டும். பின் அறையில் குடியிருந்த நேசமலருக்கு அந்தப் பலம் இருந்தது. அவள் பிழியப் பிழிய மெற்றில்டா தட்டுகளை ஆவியில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"மிஸிஸ் நோபேட், நான் அந்தப் பெட்டி விசயமாத்தான் வந்தனான்" என்றார் மாஸ்டர். குடையை மடக்கி, மழைத்தண்ணீர் உள்ளே சொட்டாமல் படியில் சாய்த்து வைத்தார்.

"இருங்க மாஸ்டர். றேமண்ட், கதிரையைப் போடு."

அது ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தாறாம் ஆண்டு மே மாதம். சண்டை முடிந்து ஒரு வருசம் நிறையவில்லை. ஜம்பட்டா வீதிக்குப் பின்னாலுள்ள அந்த ஒழுங்கையில் நோபேட்டின் வீட்டைத் தெரியாதவர்கள் இல்லை. ஜிந்துப்பிட்டி நாடகக் கொட்டகைகளில் இருபது வருசம் பபூன் வேசம் கட்டியவர் நோபேட். பிறகு ரேடியோவுக்குப் போனார். வாரத்துக்கொரு நாடகம், பகிடிப் பாட்டு, சில நாட்களில் செய்தி. பாமன்கடையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கூட அவரை ஒரு நாளும் காணாமல் குரலைக் கேட்டே பேர் சொல்லுவார். அந்த வருசம் தை மாதம் ஒரு காலை ஒத்திகைக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஐம்பத்திரண்டு வயது.

நமசிவாயம் மாஸ்டர் பென்சன் எடுத்த பள்ளிக்கூட வாத்தியார். நாடகக்காரர், பாட்டுக்காரர், ரேடியோக்காரர் செத்தால் அவர்கள் வீட்டுக் கடதாசிகளைக் கேட்டு வாங்கி, வெள்ளவத்தையில் ஒரு வாசிகசாலையின் பின்னறையில் இரண்டு அலுமாரிகளில் சேர்த்துவைத்தார்.

"ஒருமுறை புறக்கோட்டையில கடலை வாங்கினனான். அந்தக் கடதாசிச் சரையை விரிச்சுப் பார்த்தா ஒரு நாடகத்தின்ர மூண்டாம் அங்கம். ஆர் எழுதினது, ஆர் நடிச்சது, ஒண்டும் தெரியாது. கடலை திண்டு முடியக் குந்தி அழுதனான், சொன்னா நம்பமாட்டியள்" என்றார். "நோபேட்டின்ர கடதாசிக்கு அந்தக் கதி வரக்கூடாது. நாடகக் கொப்பி, நோட்டீசு, ஆக்கள் எழுதின காயிதம், ஒண்டையும் கழிக்காதேங்கோ. எது பெறுமதி எண்டு இப்ப எங்களுக்குத் தெரியாது."

மெற்றில்டா கையைத் துடைத்துக்கொண்டு நேசமலரைப் பார்த்தாள். "என்ன நேசம், குடுக்கவா?"

"குடுங்கோ அக்கா. அண்ணையின்ர பேர் நிலைக்கும். இஞ்ச கிடந்து கறையான்தானே தின்னப்போகுது."

"ஞாயிற்றுக்கிழமை வாங்க மாஸ்டர். அடுக்கி வைக்கிறன்."

மாஸ்டர் சுடச்சுட நாலு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் மழை விட்டுவிட்டுப் பெய்தது. நேசமலர் கோவிலுக்குப் போயிருந்தாள். மெற்றில்டாவும் மகன் றேமண்டும் கட்டிலுக்குக் கீழிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார்கள். றேமண்ட் இறங்குதுறையில் கிளாக். கப்பலில் வருகிறவர்களின் பேர் லிஸ்ட் அவன் மேசைக்குத்தான் வரும்.

மேலே நாடகக் கொப்பிகள். பபூன் பேசுகிற இடமெல்லாம் நீல மையில் கீறி, ஓரத்தில் 'இங்கே நிறுத்து, சிரிக்க விடு' என்று எழுதியிருந்தது. கீழே ரோஸ் நிற நோட்டீசுகள். ரேடியோ கேட்டவர்கள் தோட்டப் பக்கங்களிலிருந்து போட்ட காயிதங்கள் ஒரு கட்டு. ஒரு கிழவர் தன் மருமகளின் கொடுமையை மூன்று பக்கத்துக்கு எழுதி, 'அடுத்த நாடகத்தில் இவளைப் போடவும்' என்று கேட்டிருந்தார். இருவரும் அதை வாசித்துச் சிரித்தார்கள். நோபேட் போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதற் சிரிப்பு அது.

ஆக அடியில் கறுப்பு மட்டை போட்ட கொப்பி ஒன்று கிடந்தது.

"இது நாடகமில்லையே" என்றான் றேமண்ட்.

பக்கத்துக்குப் பக்கம் திகதியும் பேர்களும். 'பாணந்துறை, லுத்பியாவுக்கு: அண்ணன் மக்கீன் சுகம், பினாங்கில் கடை நடக்கிறது.' 'மானிப்பாய் சின்னத்தம்பிக்கு: இரண்டு மக்களும் கோலாலம்பூரில் சுகம்.' ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சரி அடையாளம்.

சண்டைக் காலத்தில் பின்னேரம் ஆறு மணிக்குத் திரிகால மணி அடிக்கையில் நோபேட் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். ரேடியோவின் மூச்சு மட்டும் கேட்கும். கேட்டால் 'குரல் பழகிறன், ஆரும் வரவேண்டாம்' என்பார்.

"சிங்கப்பூர் ரேடியோ கேட்டிருக்கிறார் அம்மா" என்றான் றேமண்ட் தாழ்ந்த குரலில். "மலாயாவில அகப்பட்ட எங்கட ஆக்கள்ட செய்தியை ஜப்பான்காரன் வாசிச்சவன்தானே. அதைக் கேட்டு எழுதி, வீட்டாக்களுக்குக் கார்ட் போட்டிருக்கிறார். அரசாங்க ரேடியோவில சம்பளம் எடுத்துக்கொண்டு எதிரியின்ர செய்தியைப் பரப்புறது. பிடிபட்டிருந்தா மறியல்வீடுதான்."

"இந்த மனுசனா? பொலிஸ்காரனைக் கண்டா மற்றப் பக்கம் கடக்கிற மனுசன்."

அவள் முகத்தில் பெருமை ஏறிக்கொண்டிருந்தபோதுதான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்த றேமண்ட் ஓரிடத்தில் நின்றுபோனான். கொப்பியை மூடப் பார்த்தான். மெற்றில்டா வாங்கி வாசித்தாள்.

'11.8.43. கொம்பனித்தெரு ஸமீமாவுக்கு: மகன் ஹாஷிம் சுகம். சயாமில் ரயில்பாதை வேலை.' அதற்கு ஒரு சரி அடையாளம். அடுத்த வரி: 'தன்னோடு இருந்த ரயில்வே கிளாக் இன்னாசி ஜூன் மாதம் வாந்திபேதியில் இறந்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவர் பெண்சாதி நேசமலருக்கு யாராவது சொல்லவும்.'

அதற்கு அடையாளம் இல்லை. கீழே வேறு வேறு மையில், வேறு வேறு நாட்களில் எழுதியிருந்தது.

'சொல்லவேணும்.'

'ஞாயிறு பூசைக்குப் பிறகு.'

'நத்தார்ப் பண்டிகை முடியட்டும்.'

'கார்ட் போட்டால் என் எழுத்தைப் பிடித்துவிடுவாள்.'

'சண்டை முடியட்டும்.'

கூரையில் மழை பலமாக விழுந்தது.

இன்னாசி லீவில் வந்து குருநகரில் நேசமலரைக் கலியாணம் முடித்து, ஆறு கிழமை இருந்து, கோலாலம்பூருக்குத் திரும்பிப் போனவன். அவனிடம் போவதற்காகத்தான் அவள் நாற்பத்தொன்று மார்கழியில் கொழும்புக்கு வந்தாள். கப்பல் டிக்கெட் கையில் இருந்தது. அந்தக் கிழமையே ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். பெட்டியோடு கோவில் வாசலில் நின்றவளை நோபேட்தான் வீட்டுக்குக் கூட்டிவந்து, இன்னாசிக்கு அந்த விலாசத்தைத் தந்தியில் அறிவித்தார். அடுத்த சித்திரையில் குண்டு விழுந்து கொட்டாஞ்சேனையே வெளிக்கிட்டு ஓடியபோதும் அவள் அசையவில்லை. 'அவர் கப்பலால இறங்கினா என்னை எங்க தேடுவார்?' என்றாள். இப்போது சிங்கப்பூரிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலுக்கும் இறங்குதுறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அந்தத் தாளைக் கிழிச்சு அடுப்பில போடுவம்" என்றான் றேமண்ட். "செத்த மனுசன்ட பேரைக் கெடுத்து என்ன வரப்போகுது? அவ மெல்ல மெல்லத் தானாவே விளங்கிக்கொள்ளுவா."

"எத்தனை கப்பலுக்குப் பிறகு?"

"பின்ன, போய்ச் சொல்லப்போறீங்களா? ரெண்டரை வருசம் உன்னோட இருந்து சாப்பிட்டுக்கொண்டே மறைச்சார் எண்டு? இந்த வீட்டில காலடி வைப்பாவா?"

மெற்றில்டா கொப்பியைத் தன் சேலைகளுக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டினாள்.

இரண்டு நாள் பூட்டித்தான் வைத்திருந்தாள். அந்த இரண்டு நாளும் தேங்காய்ப்பால் திரைந்தது, சம்பலுக்கு இரண்டு தரம் உப்பு விழுந்தது. கந்தோர்களிலிருந்து கூடைகள் மிச்சத்தோடு திரும்பின. நேசமலர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்லை. அண்ணையின்ர சாமான் கிளறினதில வந்த கவலைதான். கொஞ்சம் படுங்கோ, நான் பார்க்கிறன்" என்றாள்.

வியாழக்கிழமை கப்பல். நேசமலர் விடியவே குளித்து, வான்நீலச் சேலை உடுத்திருந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உரலுக்கு முன்னால் நின்றாள்.

"தம்பி, லிஸ்ட் பார்த்தனியோ?"

றேமண்ட் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தான். "பேர் இல்ல நேசக்கா."

"லிஸ்டில பிழை வாறதுதானே. போன முறையும் ஒரு ஆளின்ர பேர் லிஸ்டில இல்லாம வந்தவரெல்லோ." அவள் மாவை அள்ளி உரலுக்குள் அடைத்தாள். "அக்கா, பத்து மணிக்குப் பிறகு நான் போனாக் காணுமோ? இண்டைக்குச் சொதிக்குக் கொஞ்சம் கூடப் பால் விடுவம். அவர் வந்தா—"

"நேசம், போகாத" என்றாள் மெற்றில்டா.

றேமண்ட் எழுந்தான். "அம்மா!"

மெற்றில்டா அறைக்குள் போய்க் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். நேசமலர் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கை உரலில் இருந்தது.

"வாசியுங்கோ. என்ர கையெல்லாம் மா."

மெற்றில்டா வாசித்தாள். கடைசி வரி வரை, 'சண்டை முடியட்டும்' வரை விடாமல் வாசித்தாள்.

நேசமலர் உரலைக் கீழே வைத்தாள். அடுப்பில் சொதி பொங்கி வந்தது. விறகை வெளியே இழுத்துவிட்டு, கையைக் கழுவினாள். விரலிடுக்கில் ஒட்டிய மா போகவில்லை. திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"ஆவணி பதினொண்டு எண்டா எனக்குச் சின்னமுத்து போட்டிருந்தது" என்றாள். "அண்ணைதான் வேப்பிலை தேடிக் கொண்டந்தவர்."

"ஓம்."

"நத்தார் முடியட்டும் எண்டு கிடக்கு. அந்த நத்தாருக்குச் சட்டைத்துணி வாங்கித் தந்தவர். இன்னாசி வந்தாத் தைச்சுப் போட்டுக் காட்டு எண்டவர்."

மெற்றில்டா கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒவ்வொரு நாளும் கேட்டனான் அக்கா. அண்ணை, ரேடியோவில ஏதும் சொன்னவங்களோ எண்டு. பெருங்கிழவன் மாதிரிக் குரலை மாத்தி, 'ஒரு செய்தியும் இல்லாட்டி நல்ல செய்திதான் மகளே' எண்டுவார். நான் சிரிப்பன்."

"நேசம், எனக்குத் தெரியாது. மாதா அறிய எனக்குத் தெரியாது."

"தெரியாதெண்டு எனக்கு விளங்குது." அவள் திரும்ப உரலை எடுத்தாள். "கூடை போகட்டும். சாப்பாட்டுக்குப் பாத்துக்கொண்டிருக்கிற ஆக்கள் என்ன பிழை செய்தவை? பிறகு நீங்கள் என்னோட கொம்பனித்தெருவுக்கு வரவேணும். அந்த ஸமீமா ஆரெண்டு எனக்குப் பார்க்கவேணும்."

பத்து மணிக்கு இருபத்திரண்டு கூடைகளும் போயின. இரண்டு பெண்களும் நடந்து கோட்டைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறினார்கள். நேசமலர் ஜன்னல் பக்கம் இருந்தாள். இறங்குதுறைப் பக்கம் கப்பலின் ஊதல் கேட்டது. அவள் திரும்பவில்லை.

ரயில் பாதையை ஒட்டி ஒரு நீண்ட லைன் வீட்டின் நாலாவது கதவு ஸமீமாவுடையது. கொப்பியில் இருந்த விலாசம் சரியாகத்தான் இருந்தது. உள்ளே கட்டிலில், மலேரியாவில் மஞ்சளித்துப்போன ஒரு மனிதன் போர்த்திக்கொண்டு இருந்தான். மெற்றில்டா பேரைச் சொல்லிக் கேட்க, "நாந்தான் ஹாஷிம்" என்றான். பங்குனிக் கப்பலில் வந்தவன்.

நேசமலர் தான் யாரென்று சொன்னாள். ஹாஷிம் எழும்பப் பார்த்தான். முடியவில்லை.

"தங்கச்சி, ஒங்களுக்குத் தெரியாதா? நான் எழுதிக் குடுத்தேனே. ரேடியோல வாசிச்சாங்க. உம்மாக்குக் கார்ட் வந்தீக்கி. உம்மாக்கு வந்தா ஒங்களுக்கும் வந்தீக்கும் எண்டுதான் நெனச்சேன். இல்லாட்டி இந்தக் காய்ச்சலோடயும் நடந்து வந்தீப்பேன், அல்லாஹ் மேல ஆணை."

"எப்பிடி நடந்தது? ஒண்டையும் விடாமச் சொல்லுங்கோ."

அவன் சொன்னான். மழையில் மூங்கில் காட்டுக்குள் போட்ட கொட்டில். மூன்று நாள் வயிற்றால் போனது. இரண்டாம் நாள் இன்னாசி கஞ்சி கேட்டான், அரிசி இல்லை. அரிசி கழுவின தண்ணியைச் சுடவைத்துக் கொடுத்ததும் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றான். மூன்றாம் நாள் மத்தியானம் முடிந்தது. தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தமிழாட்கள் இரண்டு பேரும் ஹாஷிமும் குழி வெட்டினார்கள்.

"ஒங்கட ஓதல் எனக்குத் தெரியாது தங்கச்சி. சும்மா மூடிட்டு வர மனசு வரல்ல. எங்கட ஓதலத்தான் ஓதினேன். குத்தமெண்டா மன்னிச்சுக்கோங்க."

அதுவரை அழாதிருந்த நேசமலர் அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதாள். ஸமீமா இஞ்சித் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் முதுகைத் தடவினாள். பிறகு குர்ஆன் வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து வந்தாள். அச்செழுத்துப்போல் தனித்தனியாக எழுதியிருந்தது: 'உங்கள் மகன் சுகம். கவலை வேண்டாம்.' பேர் இல்லை.

"இதைப் போட்ட மனிசனுக்கு அஞ்சு வேளையும் துஆக் கேக்கிறேன். ஆரெண்டு தெரியா. எண்ட உசிரத் திருப்பித் தந்த மனிசன்."

"இவதான் அவற்ற பெண்சாதி" என்றாள் நேசமலர்.

ஸமீமா மெற்றில்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மெற்றில்டா கையை இழுக்கப் பார்த்தாள். கிழவியின் பிடி இறுக்கமாக இருந்தது. பக்கத்தில் நேசமலர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நேசமலர் அடுப்படிக்கு வரவில்லை. புனித லூசியாள் கோவிலில் இன்னாசிக்குப் பூசை ஒப்புக்கொடுக்கப் போனாள் என்று ஒழுங்கையில் சொன்னார்கள். சனியும் வரவில்லை. மெற்றில்டா தனியே உரலோடு மல்லுக்கட்டிப் பன்னிரண்டு கூடைதான் அனுப்பினாள். மிச்சப் பேருக்குப் பாண் வாங்கிச் சம்பல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிபோல் மாஸ்டர் ஒரு ரிக்ஷாவோடு வந்து சேர்ந்தார். முன்னறையில் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பட்டியலில் பேர் எழுதினார். கறுப்புக் கொப்பி அதில் இல்லை. அதைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருந்தாள் மெற்றில்டா.

"இவ்வளவுந்தானோ?"

"இவ்வளவுந்தான்" என்றான் றேமண்ட்.

அந்த நேரம் பின் அறையிலிருந்து நேசமலர் வந்தாள். வெள்ளைச் சேலை. கையில் பயணப் பெட்டி. குருநகரிலிருந்து தமையன் தந்தி கண்டு வந்து கோவிலடியில் நிற்கிறான், ரயிலுக்குப் போகவேண்டும் என்றாள். பிறகு நிலத்தில் பரப்பியிருந்த கடதாசிகளைப் பார்த்தாள்.

"கறுப்புக் கொப்பி எங்கயக்கா?"

மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அதென்ன கொப்பி?"

நேசமலர் அவருக்குச் சொன்னாள், சுருக்கமாக, ஒன்றையும் கூட்டாமல். மெற்றில்டா இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தாள். மாஸ்டர் கொப்பியை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எவ்வளவு பெரிய வேலை! இதை வெளியில சொல்லாமலே போயிட்டானே மனுசன்." பேனையைத் திறந்து எழுதிக்கொண்டே வாசித்தார்: "'சண்டைக் காலத்தில் நோபேட் அவர்கள் சிங்கப்பூர்ச் செய்திகளைக் கேட்டெழுதி, உரியவர்களுக்கு இரகசியமாக அறிவித்த கொப்பி. செய்திகள் நூற்றுப் பதினேழு.'"

"அதில ஒண்டு குடுபடேல்லை" என்றாள் நேசமலர். "அதையும் எழுதுங்கோ."

"நேசக்கா" என்றான் றேமண்ட். "அந்த ஒரு தாளை நீங்களே எடுத்துக்கொண்டு போங்க. உங்கட மனுசன்ட செய்திதானே. செத்த ஆளை விட்டிருங்க."

"என்ர மனுசனும் செத்த ஆள்தான் தம்பி. அவருக்குக் கல்லறை இல்லை. ஒரு கந்தோரிலயும் பதிவு இல்லை. செத்தார் எண்டு எழுதிக் கிடக்கிறது உலகத்தில இந்தத் தாளில மட்டுந்தான். நான் கொண்டுபோனா என்ர பெட்டிக்குள்ள கிடந்து என்னோட போயிடும். அங்க அலுமாரியில இருக்கட்டும். ஆரும் வந்து கேட்டா எடுத்துக் காட்டட்டும்." மூச்செடுத்துக்கொண்டு சொன்னாள்: "நல்லது செய்தார், ஓம். அந்தக் கிழவியின்ர முகத்தைப் பார்த்தனான், இல்லையெண்டு சொல்லேல்லை. எனக்குச் செய்ததும் அவர்தான். ரெண்டும் அந்தக் கொப்பியில இருக்கு. ஒண்டை எடுத்துப்போட்டு மற்றதை வைக்கிறது சரியில்லை."

மாஸ்டர் எழுதவில்லை. பேனையைப் பிடித்தபடி மெற்றில்டாவைப் பார்த்தார். "குடுக்கிற ஆள் நீங்கள். நீங்கள் சொல்லுறதைத்தான் நான் எழுதலாம்."

ஒழுங்கையில் ரிக்ஷாக்காரன் இருமினான். மெற்றில்டா நிலத்தில் கிடந்த நோட்டீசைப் பார்த்தாள். கூர்த்தொப்பி போட்டு, வாயை அகல விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார் நோபேட். இருபத்தேழு வருசம் அந்த மனுசனோடு இருந்தவள். கொட்டகையே அவரைப் பார்த்துச் சிரிக்க, திரைக்குப் பின்னால் வேர்த்து விறைத்து நிற்பவர் அவர் என்று அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

"எழுதுங்க மாஸ்டர்" என்றாள். "நேசமலருக்கு வந்த செய்தி மட்டும் குடுபடேல்ல எண்டு எழுதுங்க. பக்கத்து அறையில இருந்த பிள்ளைக்குச் சொல்ல அவர் பயந்திட்டார் எண்டும் எழுதுங்க. அவர்ட பெண்சாதி சொன்னது எண்டு போடுங்க."

மாஸ்டர் எழுதினார். றேமண்ட் வெளியே போய்ப் படியில் இருந்தான். எழுதி முடித்ததை மாஸ்டர் வாசித்துக் காட்ட, நேசமலர் குனிந்து தன் பேர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். இன்னாசியின் பேரையும் பார்த்தாள்.

ரிக்ஷாவில் பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டினார்கள். மாஸ்டர் ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் குடையையும் பிடித்துக்கொண்டு போனார். மெற்றில்டா அவசரமாக உள்ளே போய் ஒரு பார்சலோடு வந்தாள்.

"ரயிலுக்கு. இடியப்பமும் கருவாட்டுப் பொரியலும்."

நேசமலர் கொஞ்சம் தயங்கி வாங்கிக்கொண்டாள்.

"ஆடித் திருநாளுக்கு வருவியா நேசம்? அறையை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

"அறையைக் குடுங்கோ அக்கா."

"ஒரு காயிதமாவது போடுவியா?"

நேசமலர் பார்சலைப் பயணப் பெட்டிக்கு மேல் வைத்து அணைத்துப் பிடித்தாள். மெற்றில்டாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். கண்ணில் கோபமும் இல்லை, இளக்கமும் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"நீங்கள் சொன்னதுக்கு உங்களை நான் மறக்கமாட்டன்" என்றாள். "ஆனா இனி இந்த வீட்டில எனக்குச் சோறு இறங்காது."

படியிறங்கிச் செருப்பை மாட்டினாள். நாலரை வருசமாக அந்தப் படியை விட்டிறங்கும் ஒவ்வொரு தரமும் 'போயிட்டு வாறன் அக்கா' என்று சொல்லிப் போனவள்.

"போறன்" என்றாள்.

ஒழுங்கை முனையில் தமையன் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். மெற்றில்டா அவர்கள் திரும்பும்வரை பார்த்து நின்றுவிட்டு, திங்கட்கிழமைக் கூடைகளுக்கு மா அவிக்க உள்ளே போனாள்.